கடன் கொடுத்தவரே ஏற்ற இழப்பு

தவக்காலம் வந்துவிட்டால் நம் திண்டுக்கல் பகுதிப் பங்குகளில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை நடைபெறுகின்றது. பூட்டுப் பட்டறையிலிருந்தும் தோல் பதனிடும் கூடங்களிலிருந்தும் பூந்தோட்டங்களிலிருந்தும் களைத்து வரும் மக்கள் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டுச் செபிக்கின்றனர். நம் பாவக் கடனைத் தீர்க்க ஆண்டவர் இரத்தம் சிந்தினார் என்று சிறு வயது முதலே சொல்லிப் பழகிவிட்டோம். பழகிப்போன சொல்லின் பொருள் யாதென, சில வேளைகளில் எளிய மக்களே நம்மை நிறுத்திக் கேட்டுவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கேட்டவர் ஒரு கைம்பெண். கணவர் விட்டுச்சென்ற கடனுக்கு வட்டி கட்டியே ஓய்ந்துபோனவர். "சாமி, ஆள் செத்தும் கடன் சாகவில்லை. பரமபிதாவும் கடனைத் தீர்க்கத் தம் பிள்ளையின் இரத்தத்தைத்தான் கேட்டாரா? அப்படியானால் எங்கள் தெருவுக்கு வரும் வட்டிக்காரருக்கும் அவருக்கும் என்ன வேற்றுமை?" என்றார். இக்கேள்வியில் அவபக்தி இல்லை. கடவுள் அத்தகையவராக இருக்கமாட்டார் என்னும் நம்பிக்கையே அதன் உள்ளே துடிக்கின்றது.

குருமடத்தில் நாம் பயின்ற பாடம் நினைவுக்கு வந்தது. கான்டர்பரிப் பேராயர் புனித ஆன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த நூலொன்றில், பாவத்தால் இறைவனின் மாட்சிக்கு நேர்ந்த இழுக்கை ஈடுசெய்ய மனிதனால் இயலாது. ஆகவே கடவுளே மனிதரானார் என்று விளக்கினார். ஆழமான விளக்கம்தான். ஆயினும் அதை அரைகுறையாகக் கேட்டவர் மனத்தில், கணக்குப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் ஒரு கடவுளின் உருவம் பதிந்துவிடுகின்றது. புனித தோமா அக்குவினார் இதற்குத் தெளிவு தந்தார். ஈடு எதுவும் பெறாமலே இறைவன் மன்னித்திருந்தாலும் அது நீதிக்கு மாறாகாது. தனக்கு இழைக்கப்பட்ட குற்றத்தைத் தானே மன்னிப்பவன் எவருக்கும் அநீதி செய்வதில்லை என்பது அவர் கருத்து.

அப்படியானால் சிலுவை எதற்கு? நம் ஊர்ப் புரோநோட்டே இதை விளக்கும். ஒருவர் மற்றொருவருக்கு ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுக்கிறார். வாங்கியவரால் திருப்பித் தர இயலவில்லை. கொடுத்தவர் மனமிரங்கிப் புரோநோட்டைக் கிழித்துவிடுகிறார். அந்த ஐயாயிரம் எங்கே போயிற்று? கொடுத்தவரின் இழப்பாக அவரிடமே தங்கிவிட்டது. இழப்பில்லாத மன்னிப்பு உலகில் இல்லை. மன்னிப்பவரே அவ்விழப்பைச் சுமக்கிறார். இறைவன் நம்மை மன்னித்தபோது சுமந்த இழப்பின் கண்கண்ட வடிவமே சிலுவை. நமக்கு எதிராக இருந்த கடன் பத்திரத்தை இறைவன் அழித்து, சிலுவையில் அறைந்துவிட்டார் என்று புனித பவுலடியார் கொலோசையருக்கு எழுதியதன் பொருளும் இதுவே. இரத்தம் கேட்டது தந்தையன்று. மனிதரின் வன்மமே அதைக் கேட்டது. அப்போதும் மைந்தன் தம் மன்னிப்பைத் திரும்பப் பெறவில்லை, ஆணியடித்தவர்களுக்காகவே மன்றாடினார்.

தந்தை கட்டாயப்படுத்தி மைந்தனை அனுப்பினார் என்றும் எண்ணவேண்டா. தம் உயிரைத் தாமாகவே கையளிப்பதாக ஆண்டவரே கூறியிருக்கிறார். இத்தகைய அன்பின் சாயலை நம் தமிழ் மண்ணே கண்டிருக்கிறது. லிஸ்பனில் 1647-இல் உயர்குடியில் பிறந்த அருளானந்தர் மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்தார். 1686-இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டுக் கொடிய வாதனைகளை அனுபவித்து விடுதலையானார். பின்னர்ப் பணி நிமித்தம் போர்த்துக்கல் சென்றபோது, இளமைத் தோழரான மன்னர் இரண்டாம் பேதுரு அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். திரும்பினால் என்ன நேரும் என்பதை அவர் உடல் அறிந்திருந்தது. ஆயினும் 1690-இல் மீண்டும் இந்தியா வந்தார். 1693 பெப்ருவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். எவரும் அவரைத் தள்ளி அனுப்பவில்லை. அன்பே அவரைத் திரும்ப அழைத்தது.

இத்தகைய அன்பைப் பெற்ற நாம் என்ன செய்கிறோம்? மத்தேயு நற்செய்தியில் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளனை நினைப்போம். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் நாள் கூலி. ஆக அவன் கடன் ஆறு கோடி நாள் கூலி! அது முழுவதும் மன்னிக்கப்பட்ட பின், நூறு தெனாரியத்துக்காக உடன் பணியாளனின் கழுத்தை நெரித்தான். நூறு நாள் கூலி அற்பமன்று. ஏழைக்கு அது பெருந்தொகையே. பிறர் நமக்குச் செய்த தீங்கும் பல வேளைகளில் அற்பமன்று. அதனால்தான் மன்னிப்பு வலிக்கிறது. வலிப்பதால் அது மன்னிப்பன்று என்றாகிவிடாது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். ஏழையின் தோளில் அநீதியை ஏற்றிவிட்டு, 'சிலுவையைச் சுமந்துகொள்' என்று உபதேசிப்பது நற்செய்தியன்று. அளவுமீறிய வட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியுள்ளது. அதன் துணையை நாடுவதும், நாடுவோருடன் பங்கு மக்கள் துணை நிற்பதும் கிறிஸ்தவக் கடமையே. கழுத்தை நெரிப்பவரிடம் மனந்திரும்பக் கேட்பதும் அன்பின் பணியே.

அன்பார்ந்த குடும்பத்தாரே, ஒவ்வொரு திருப்பலியிலும் தம்மையே உடைத்துப் பகிரும் ஆண்டவரை நாம் உட்கொள்கிறோம். பெற்றுக்கொண்ட கை மூடியே இருக்கலாமா? பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியர், சீர்வரிசைக் குறையைச் சொல்லிக்காட்டும் மாமியார், கைம்மாற்றுப் பணத்தால் பகைத்துக்கொண்ட அண்டை வீட்டார் என்று நம் வீடுகளிலும் கிழிக்கப்படாத பத்திரங்கள் பல உண்டு. இத்தவக்காலத்தில் ஒரு வேளை உணவை விடுவதோடு, அவற்றுள் ஒன்றையேனும் கிழிப்போம். இழப்பு நம்முடையதாகவே இருக்கட்டும். அவ்விழப்பில் நாம் தனித்திருக்கமாட்டோம். நமக்கு முன்னரே அதைச் சுமந்தவர் நம்மோடு இருப்பார்.