இரண்டாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும்

நண்பர்கள் பலர் தம் வீட்டைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு வீடுகள் இரண்டு. அம்மாவின் வீடு மதுரையில்; அப்பாவின் வீடு கோவையில். இடையில் ஒரு நீதிமன்ற ஆணை.

எனக்கு 9 வயதானபோது நீதிபதி என்னை மட்டும் தம் அறைக்குள் அழைத்தார். மிட்டாய் ஒன்றை நீட்டி, "யாரோட இருக்கப் பிடிக்கும் தம்பி?" என்றார். "அம்மாவோட" என்றேன். உண்மைதான். "அப்பாவைப் பார்க்க ஆசையா இருக்கா?" என்றார் அடுத்து. கதவுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். ஆம் என்றால் அவளுக்குத் துரோகம் செய்ததாகும் என்று தோன்றியது.

"நீங்க சொன்னா பார்க்கிறேன் சார்."

அவர் சொல்லிவிட்டார். மாதந்தோறும் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் காலை 10 முதல் 1 மணிவரை, ராஜாஜி பூங்காவில்.

அண்மையில்தான் நம் கல்லூரி நூலகத்தில் அந்தச் சட்டங்களைப் புரட்டினேன். ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும், பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது, ஆங்கிலேயர் காலத்து 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். எந்த வயதில் விவரம் தெரியும் என்று அதில் இல்லை. எனக்கு ஒன்பதில் தெரிந்திருந்தது. அதனால்தான் விருப்பத்தை மறைத்தேன்!

அப்பா இருட்டோடு பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் வந்து இறங்குவார். ஊஞ்சல், கடலைப் பொட்டலம், கொஞ்சம் கணக்குப் பாடம். எங்கள் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். வீட்டிலோ, "போகத்தான் வேணுமா?" என்று முகம் சுளித்துக்கொண்டே கிளம்புவேன். "கோர்ட்டு சொல்லியிருக்கே, போயிட்டு வா" என்பாள் அம்மா. திரும்பும்போது தெருமுனையிலேயே சிரிப்பைத் துடைத்துக்கொள்வேன். அவர் வாங்கித் தந்த பொம்மைக் கார் இரண்டு ஆண்டுகள் புத்தகப் பையின் அடியிலேயே கிடந்தது. ஆணையின்மேல் எனக்கு வெறுப்பு என்று எல்லாரும் எண்ணினார்கள். அதன் மறைவில்தான் நான் அப்பாவிடம் ஓடிக்கொண்டிருந்தேன்.

தொல்லை என்னவென்றால், அப்பாவும் அப்படியே நம்பிவிட்டார். அன்று நான் சொன்ன பதிலைத் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அதை அவர் படித்திருந்தார். "இன்னும் கொஞ்ச நாள்தாம்ப்பா. பதினெட்டு ஆயிட்டா உன்னை யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க" என்றார் ஒருமுறை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

இவ்வாண்டு எனக்கு 18 வயது நிறைந்தது. ஆணை முடிந்தது. அதற்கடுத்த இரண்டாம் ஞாயிறு பூங்காவில் ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அப்பா வரவில்லை.

நான்காம் ஞாயிறுக்கு முந்தைய இரவு. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கோயம்புத்தூர் போறேம்மா. அப்பாவைப் பார்க்கணும்" என்றேன். ஒன்பது ஆண்டுகளில் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முறம் நின்றது. சற்று நேரம் கழித்து, "மொத பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.