கல்வெட்டுல அடைச்சிருக்கு!

உங்க தெருமுனை டீக்கடையில தினமும் காலையில உட்கார்ந்து பேசுறவங்களை நீங்க பார்த்திருப்பீங்க. ஒரு பெஞ்ச், நாலு பேர், ஒரே ஒரு பேப்பர். அந்தப் பேப்பரும் நாலாப் பிரிஞ்சு நாலு கையில இருக்கும். நான் காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கிறது அப்படி ஒரு கடைக்குப் பக்கத்துலதான். மூணு வருஷமா தினமும் இருபது நிமிஷம் அவங்க பேச்சு என் காதுல விழுந்திருக்கு. ஹெட்போன்ல சார்ஜ் இல்லாத நாள்ல கொஞ்சம் கவனிச்சும் இருக்கேன்.

டிரைவர் தாத்தா, எலக்ட்ரீசியன் அண்ணன், மளிகைக்கடை மாமா, டீ மாஸ்டர். இந்த நாலு பேர்தான் நிரந்தர உறுப்பினர்கள். தாத்தா கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் ஒரு கட்சி, மாமா எதிர்க்கட்சி. ரெண்டு பேரும் கத்துற கத்துல இன்னிக்குக் கைகலப்புதான்னு நினைப்பேன். அடுத்த நிமிஷம் "மாஸ்டர், அவருக்குச் சர்க்கரை கம்மியா ஒண்ணு"ன்னு தாத்தாவே டீ சொல்லுவாரு. டெல்லி அரசியல்ல ஆரம்பிச்சு, தங்கம் விலை, ரேஷன்ல பாமாயில் வந்துச்சா இல்லையா, ஈபி பில், தெருநாய்னு சுத்திட்டு, கடைசியில எங்க தெருவுல தேங்குற தண்ணியில வந்து நிக்கும்.

என்னோட அபிப்பிராயம் அப்போ ஒரே வரிதான்: வேலை இல்லாதவங்க பேசிட்டு இருக்காங்க. அந்த அபிப்பிராயம் எப்படி மாறுச்சுன்னுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல எங்க தெரு எங்கே இருக்குன்னு சொல்லணும். சென்னையோட தெற்கு ஓரம். இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாம் தனித்தனி ஏரி இல்ல, ஒரு சங்கிலி. செம்பாக்கம் ஏரி நிரம்பினா தண்ணி நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், கடைசியா பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த அதே பள்ளிக்கரணைதான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடல்ல சேரும். இந்த மாதிரி ஒரு ஏரிக்குக் கீழேதான் எங்க தெரு. ஏரியோட உபரித் தண்ணி போற போக்குக் கால்வாய் தெருவோட கடைசியில குறுக்கே ஓடுது.

தெருவோட மேட்டுல எங்க அபார்ட்மென்ட். பள்ளத்துல, கால்வாயை ஒட்டி, ஓட்டு வீடும் ஷீட் வீடுமா பதினஞ்சு குடும்பம். மழைன்னா எங்களுக்கு "லிஃப்ட் ஓடுமா?"ங்கிறது பிரச்சனை. அவங்களுக்கு அரிசி மூட்டையை எங்கே தூக்கி வைக்கிறதுங்கிறது பிரச்சனை. அங்கே இட்லிக்கடை போடுற அக்கா போன வருஷத்துக்கு முந்தின மழையில கிரைண்டர் முங்கி நாலு நாள் கடை போடல. இதை நான் தெரிஞ்சுக்கிட்டதே பெஞ்ச் பேச்சுலதான். ஒரே தெருதான், ஆனா நான் அந்தப் பக்கம் போனதே இல்ல.

நான் ஈசிஈ. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு என்ன பண்ணலாம்னு யோசிச்சப்போ இது ஞாபகம் வந்துச்சு. அர்டுயினோ, ஒரு அல்ட்ராசானிக் சென்சார், தண்ணி ஏறினா போனுக்கு மெசேஜ். சென்சாரை எங்கே மாட்டலாம்னு கேக்கத்தான் முதல் தடவையா அந்தப் பெஞ்சுல உட்கார்ந்தேன். ரொம்பப் பெருமையா விளக்கினேன். தாத்தா முழுசாக் கேட்டுட்டுச் சொன்னாரு:

"தண்ணி வந்தா எங்களுக்கே தெரியுமேப்பா. கால் நனையும்ல? ஏன் போக மாட்டேங்குதுன்னு உன் மெஷின் சொல்லுமா?"

மாஸ்டர் சிரிச்சதுல டீயே சிந்திடுச்சு. நான் கொஞ்சம் ரோஷத்தோட, "ஏன் போக மாட்டேங்குது?"ன்னு கேட்டேன்.

"கல்வெட்டுல அடைச்சிருக்கு."

நான் முழிச்சேன். கல்வெட்டுன்னா எனக்குத் தெரிஞ்சது சோழர், தஞ்சாவூர். இந்தத் தெருவுல ஏது கல்வெட்டு? அப்புறம் எலக்ட்ரீசியன் அண்ணன்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. கால்வாய்க்கு மேல ரோடு போற இடத்துல இருக்கிற சின்னப் பாலம். கல்வெர்ட்! அது எங்க ஏரியா வாய்ல கல்வெட்டு ஆயிடுச்சு. எட்டிப் பார்த்தா பாதிக்கு மேல மண்ணு, பிளாஸ்டிக், நடுவுல ஒரு பழைய மெத்தை.

ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி சும்மா தேடினப்போ நிஜமாவே ஏரிக்கும் கல்வெட்டுக்கும் ஒரு சம்பந்தம் கிடைச்சது. காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. கி.பி. 920 வாக்குல வெட்டினது. குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதிகள் அதுல இருக்கு. அதுல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்க 6 பேர். முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் வர முடியாது. படிச்சதும் புல்லரிச்சது. அடுத்த வரியில அடங்கிடுச்சு. வயசு 35-லேர்ந்து 70, சொந்த நிலம் வேணும், வேதம் தெரியணும். பிராமண ஊர்ச் சபை அது. பெண்களுக்கு இடமே இல்ல. ஏரி உடைஞ்சா முதல்ல நனையுறவங்க அந்தச் சபையில இருந்திருக்க மாட்டாங்க.

இதைப் பெஞ்சுல சொன்னேன். மாமா, "பார்த்தியா, நம்ம ஆளுங்க அப்பவே..."ன்னு ஆரம்பிச்சாரு. தாத்தா குறுக்கே, "அப்ப இருந்தது இருக்கட்டும்யா, இப்ப என்ன?"ன்னாரு.

இப்ப என்னன்னும் பார்த்தேன். 1992-ல வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் நகராட்சி, மாநகராட்சிகளுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல் கட்டாயம்னு சொல்லுது. ஆனா தமிழ்நாட்டுல 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்ச பிறகு, நகரங்கள்ல அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலரே கிடையாது. "அப்பல்லாம் எங்க போய்ச் சொல்றது? இந்தப் பெஞ்ச்தான் இருந்துச்சு"ன்னு மாஸ்டர் சொன்னப்போ, நான் வெட்டிப் பேச்சுன்னு நினைச்சதோட இன்னொரு பக்கம் தெரிஞ்சது.

சரி, ஒரு மனு எழுதிக் குடுக்கலாம்னு முடிவாச்சு. யார் எழுதுறது? எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. "தம்பிதான் இன்ஜினியரிங் படிக்குதே!"

இங்கதான் என் மானம் போச்சு. எல்கேஜிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவேன், படிப்பேன். ஆனா ஒரு அரசாங்க ஆபீஸுக்கு ஒரு பக்கம் தமிழ்ல எழுதினதே இல்ல. இங்கிலீஷ்ல எழுதி, போன்ல மொழிபெயர்த்து, பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சத்தமாப் படிச்சாரு: "எங்கள் தெருவில் உள்ள புயல் நீர் வடிகால்..."

"புயல் வந்தாத்தான் இதுல தண்ணி போகுமா தம்பி?"

மழைநீர் வடிகால். போர்டுல எல்லாம் எழுதியிருக்கு, தினமும் பார்க்கிறேன், ஆனா எழுதும்போது வரல. அன்னிக்கு ஒரு மணி நேரம் தாத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். தூர்வாருதல். கலங்கல், அதாவது ஏரி நிரம்பினா தண்ணி வழியுற இடம். கவுன்சிலருக்கு மாமன்ற உறுப்பினர். டீசில்டிங்குக்குத் தமிழ் தேடிட்டு இருந்தவன் நான். எட்டாம் கிளாஸ் வரைக்கும் படிச்சவர் அவர்.

கையெழுத்து வாங்கப் பள்ளத்து வீடுகளுக்குப் போனேன். இட்லிக்கடை அக்கா மாவு கரைச்சுக்கிட்டே மனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. "மழை பெய்யும்போது தண்ணீர் வீடுகளுக்குள் புகுகிறது"ங்கிற வரியில நிறுத்தினாங்க.

"மழை பெய்யும்போது வர்றது கணுக்கால் அளவுதான் தம்பி. மழை விட்டு, எல்லாரும் தூங்கின பிறகுதான் முட்டி வரைக்கும் ஏறும். அதுவும் ரோட்டுலேர்ந்து இல்ல, சாக்கடை வழியா."

எனக்குப் புரிய ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஏரி நிரம்பி, கலங்கல் வழிஞ்சு, கால்வாய்க்கு வர சில மணி நேரம் ஆகும். கல்வெர்ட்ல அடைப்பு இருக்கிறதால கால்வாய் மட்டம் ஏறி, எங்க தெரு வடிகால் வழியா திரும்பி உள்ளே வருது. நாலு வருஷப் படிப்புல பேக்ஃப்ளோங்கிற வார்த்தையைக் கேட்டிருக்கேன். அதோட நேரத்தைச் சொன்னது அக்கா. பெஞ்சுல இருக்கிற நாலு பேருக்கும் இது தெரியாது. ஏன்னா நாலு பேரும் மேட்டுத் தெரு, நாலு பேரும் ஆம்பளைங்க. "இதை ஏன்க்கா அவங்ககிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். "அங்கே போய் நான் எங்கே உட்காருறது?"ன்னாங்க.

அப்புறம் அவங்களே, "மழை பெய்யும்போது ரோட்டுல ஓடி வர்றதுக்குக் காரணம் வேற தம்பி. உங்க அபார்ட்மென்ட் வாசல்ல போய்ப் பாருங்க"ன்னாங்க.

போய்ப் பார்த்தேன். கார் ஏற வசதியா எங்க அபார்ட்மென்ட் போட்டிருக்கிற சிமெண்ட் சரிவு, ஓரக் கால்வாய் மேல அப்படியே உட்கார்ந்திருக்கு. மேட்டுத் தண்ணி முழுக்க அங்கே முட்டி, ரோட்டுல ஏறி, நேரா பள்ளத்துக்கு ஓடுது. தினமும் அதுமேல வண்டி ஓட்டிட்டுப் போறவன் நான்.

இப்ப உங்களை ஒண்ணு கேக்கிறேன். நீங்களா இருந்தா மனுவுல இதை எழுதியிருப்பீங்களா?

நான் எழுதல. அக்கா சொன்ன ராத்திரித் தண்ணி விஷயத்தைச் சேர்த்தேன். எங்க சரிவை விட்டுட்டேன். அசோசியேஷன் செயலாளர் எங்கப்பாவோட ஃப்ரெண்ட். "இது சின்ன விஷயம், கல்வெர்ட்தான் முக்கியம்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். புது மனுவைத் தாத்தா படிச்சாரு. எதுவும் சொல்லல. மடிச்சுக் குடுக்கும்போது, "எல்லாம் எழுதிட்டியா?"ன்னு மட்டும் கேட்டாரு. அவருக்கு அந்தச் சரிவு எப்பவோ தெரியும். மூணு வருஷமா பெஞ்சுல நான் காதுல விழும் தூரத்துல நின்னதால அவங்க அதைப் பத்திப் பேசலையோன்னு இப்பத் தோணுது.

அன்னிக்கு ராத்திரி இன்னொரு பத்தி சேர்த்தேன். என் சொந்தத் தமிழ்ல, மொழிபெயர்ப்பு இல்லாம. "நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல் சரிவும் வடிகாலை அடைத்துள்ளது." கீழே என் கையெழுத்து. மொத்தம் 41 கையெழுத்து, எங்க அபார்ட்மென்ட்லேர்ந்து என்னோடது மட்டும்.

ஆகஸ்ட்ல மனு குடுத்தோம். ஒப்புகைச் சீட்டைத் தாத்தா சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. மூணு தடவை போய்க் கேட்டாரு. செப்டம்பர் கடைசியில ஒரு மெஷின் வந்து ரெண்டு நாள் நின்னு அடைப்பை எடுத்துச்சு. மெத்தை வெளியே வந்தப்போ தெருவே கை தட்டுச்சு. அந்த மழையில பள்ளத்துல தண்ணி வரவே இல்லன்னு சொல்ல மாட்டேன். வந்துச்சு. ஆனா மூணு நாள் நிக்கிறது ஒரு காலையிலேயே வடிஞ்சிடுச்சு. அக்கா ஒரு நாள்தான் கடை போடல.

எங்க சரிவு? அசோசியேஷன் கூட்டத்துல அப்பா தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தாரு. "உங்க பையன் நம்ம மேலயே மனு குடுத்திருக்கான்"னு ஒருத்தர் சொன்னாரு. வீட்டுக்கு வந்ததும் அப்பா ரெண்டு நாள் என்கிட்ட சரியாப் பேசல. மூணாவது நாள், "அடியில பைப் போட எவ்ளோ ஆகும்னு விசாரிச்சியா?"ன்னு கேட்டாரு. விசாரிச்சேன். போடலாம்னு தீர்மானம் ஆகியிருக்கு. இன்னும் போடல. அடுத்த மழைக்கு முன்னாடி போடணும்.

என் ப்ராஜெக்ட் சென்சார் இப்போ கல்வெர்ட் சுவர்ல இருக்கு. ராத்திரி கால்வாய் மட்டம் ஏறினா அக்கா போனுக்கு முதல் மெசேஜ் போகும், அரிசி மூட்டையைத் தூக்கி வைக்க நேரம் கிடைக்கும். எங்கே மாட்டணும், எந்த அளவுல மணி அடிக்கணும்னு சொன்னது அவங்கதான். வைவாவுல "ரெக்வயர்மெண்ட்ஸ் எப்படிச் சேகரிச்சீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணி வெச்சிருக்கேன்.

எனக்கு 21 வயசு. உங்கள்ல பல பேருக்கும் அதேதான். வார்டு தேர்தல்ல நிக்க சட்டம் கேக்கிற குறைஞ்ச வயசும் அதுவே. எல்லாரும் நிக்கணும்னு சொல்லல. கிராமத்துல கிராம சபை, நகரத்துல பகுதி சபைன்னு பேசுறதுக்குச் சட்டப்படியே இடம் இருக்கு. அங்கே போறதுக்கு முன்னாடி உங்க தெரு பெஞ்சுல ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. அங்கே யார் உட்காரலைன்னும் பாருங்க.

போன வாரம் அக்கா டீக்கடைக்கு வந்து, பெஞ்ச் ஓரத்துல உட்கார்ந்து, மாமாகூட கேஸ் விலையைப் பத்திச் சண்டை போட்டாங்க. நான் ஹெட்போனைக் கழட்டிட்டு நின்னேன். காலேஜ் பஸ் போயிடுச்சு.