பேனர் துணி ஆகாது

பால் பாக்கெட் உறையைக் கசக்கினால் சத்தம் அடங்கி வரும். மளிகைக் கடைப் பை சரசரக்கும். பிஸ்கட் உறை அதைவிடக் கூர்மையாகக் கத்தும். மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சியில், தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள் பெண்கள் மூட்டைகளைத் தரையில் கொட்டி, வீட்டுக் கதை பேசிக்கொண்டே பிளாஸ்டிக்கை இனம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதி நேரம் அவர்கள் கண் கையில் இருக்கும் பொருளின் மேல் இல்லை. விரல் பட்டதுமே எந்தக் குவியலுக்கு என்பது முடிவாகிவிடுகிறது. எல்டிபிஇ, எச்டிபிஇ, பாலிப்ரொப்பிலீன் என்று கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்தவன் நான். அந்தக் குவியல்களில் ஒன்றைக்கூட என்னால் அவர்கள் வேகத்தில் பிரித்திருக்க முடியாது.

பால் கவருக்கு ஒரு தனிச் சாக்கு. அதற்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு என்பதால் அது ரோடு போடும் தார்க் கலவைக்குப் போவதில்லை. கெட்டியான டப்பா, வாளி உடைசல், தண்ணீர் பாட்டில் எல்லாம் அப்படியே ஒதுங்கிவிடும். மிச்சம் கிடப்பது யாரும் விலை சொல்லாதது: மெலிந்த பைகள், சாப்பாடு கட்டிய கவர்கள், உள்பக்கம் வெள்ளிபோல மினுங்கும் சிப்ஸ் உறைகள். அதுதான் அரைத்து ரோட்டுக்கு அனுப்பும் இந்தக் கொட்டகையின் சரக்கு.

“மண்ணு ஒட்டியிருந்தா அலசணும். சோறு ஒட்டியிருந்தா ரெண்டு தண்ணி. பெறகு காய வைக்கணும். ஈரத்தோட மெஷின்ல போட்டா பிளேடுல சுத்திக்கிரும்” என்றார் அங்கே மூத்தவரான அக்கா. இந்திய சாலைப் பேரவை 2013இல் வெளியிட்ட ஐஆர்சி எஸ்பி 98 என்ற வழிகாட்டியில், பிளாஸ்டிக்கில் தூசியும் அழுக்கும் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அந்த 1 சதவீதம் நடைமுறையில் இவர்கள் ஊற்றும் இரண்டாவது தண்ணீர்தான்.

பேச்சுக்கு நடுவே குவியலிலிருந்து ஒரு நீளமான துண்டை உருவி, பாம்பைத் தூக்கிப் போடுவதுபோல அவர் கொட்டகைக்கு வெளியே எறிந்தார். யாரோ ஒருவரின் சிரித்த முகமும் ‘வருக வருக’வில் பாதியும் அதில் இருந்தன.

“பேனர் துணி மட்டும் ஆகாது தம்பி. ஒண்ணு கலந்து போச்சுன்னாக்கூட தார் பிளான்ட்காரய்ங்க மூட்டையோட திருப்பி அனுப்பிருவாய்ங்க.”

மதுரையில் பேனருக்கு என்றைக்குப் பஞ்சம்? காதணி விழாவுக்கும் பேனர், கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர். அந்த ஃப்ளெக்ஸ் துணி பிவிசி பூசியது. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். ரோட்டுக்காகச் சூடாக்கிய ஜல்லியின் மேல் விழுந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். வழிகாட்டியில் பிவிசிக்குத் திட்டவட்டமான தடை இருக்கிறது. ஆனால் அந்தத் தடையை நிறைவேற்றுகிற அதிகாரி என்று யாரும் இல்லை. அந்த அக்காவின் கைதான் நிறைவேற்றுகிறது.

அரவை மெஷின் ஓடத் தொடங்கியதும் பேச்சு நின்றது. வெளியே விழும் தூள் 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும், 600 மைக்ரான் சல்லடையில் தங்க வேண்டும் என்பது கணக்கு. உராய்வில் ஏறிய நிலைமின்சாரத்தால் துணுக்குகள் கையிலும் புடவையிலும் ஒட்டிக்கொள்கின்றன. தட்டினால் விழாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளை தலைமுடியில் வரைக்கும் ஒட்டும் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

இந்தத் தூளை ரோட்டில் போடலாம் என்பது திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கிளம்பிய யோசனை. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957இல் தொடங்கிய கல்லூரி அது. வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2001 வாக்கில் இந்த ஆய்வில் இறங்கினார். 2002இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறு பாதை போட்டுப் பார்த்தார்கள். 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

பிளாஸ்டிக்கைத் தாரில் கலப்பது உலகத்துக்குப் புதிதல்ல. பாலிமர் கலந்த தார் பல நாடுகளில் புழக்கத்தில் இருந்தது. அதில் தொல்லை என்னவென்றால், பாலித்தீன் தாருக்குள் கலந்து நிற்காது. கிளறுவதை நிறுத்தினால் பிரிந்து மேலே மிதக்கும். அதற்கென்று தனிக் கலவை எந்திரம் வேண்டும். வாசுதேவன் தாரை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்தார். முதலில் ஜல்லியைச் சூடாக்கி அதன் மேல் பிளாஸ்டிக்கைப் பூசு, தாரைப் பிறகு ஊற்று. அவ்வளவுதான். வரிசை மாறியது, விஷயம் மாறிவிட்டது. புதிய எந்திரம் வேண்டாம், இருக்கிற ஹாட் மிக்ஸ் பிளான்டே போதும். நம் ஊர் ஒப்பந்ததாரர்களிடம் போய்ச் சேர்ந்த ஆய்வுகள் குறைவு. இது சேர்ந்ததற்கு இந்த எளிமைதான் காரணம் என்பது என் எண்ணம்.

கல்லின் மேல் பூசினால் என்ன லாபம்? மதுரை வட்டார ஜல்லி பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகளை உடைத்தது. பொதுவாகவே கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரின் மேல் பிரியம் அதிகம். ஐப்பசி மழையில் கலவைக்குள் நீர் இறங்கினால் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும். மேலே பஸ் ஏறி இறங்க, உரிந்த கல் கழன்று வரும். பள்ளம் பிறப்பது இப்படித்தான். சித்திரை வெயிலில் வேறு கதை. விஜி 30 ரகத் தார் 47 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இளகலாம் என்பதே அதற்கான தர அளவு. நடு வெயிலில் கருத்த ரோட்டின் மேற்பரப்பு 60ஐத் தாண்டும். பஸ் நிறுத்தங்களில் ரோடு சுருண்டு மடிந்து கிடப்பது அதனால்.

உருகிய பிளாஸ்டிக் கல்லின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் உறிஞ்சுவது குறைகிறது. தாரும் பிளாஸ்டிக்கும் ஹைட்ரோகார்பன் குடும்பம்தான் என்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பூசிய கல்லை 72 மணி நேரம் நீரில் ஊறவைத்தும் தார் உரியவில்லை என்பது ஆய்வுக்கூட முடிவு. ரோட்டுப் பொறியியல் ஆய்வுக்கூடம் எதற்குள் நுழைந்தாலும் ஒரு கறுத்த உருளையைக் காணலாம். 101.6 மில்லிமீட்டர் விட்டம், 63.5 மில்லிமீட்டர் உயரம், மேலும் கீழும் 75 அடி அடித்து இறுக்கியது. அதை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, நிமிடத்துக்கு 50.8 மில்லிமீட்டர் வேகத்தில் நசுக்குவார்கள். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்பதுதான் மார்ஷல் சோதனை. பிளாஸ்டிக் பூசிய கல்லில் வார்த்த உருளை கூடுதல் பாரம் தாங்குகிறது.

ஹாட் மிக்ஸ் பிளான்ட் என்பது ஒரு கல்குவாரியின் ஓரத்தில், எல்லாமே புழுதி நிறத்தில் இருக்கும் இடம். சாய்வாகச் சுழலும் இரும்பு டிரம், அதற்குள் சீறும் டீசல் ஜுவாலை, வாயில் விழுந்துகொண்டே இருக்கும் ஜல்லி. இங்கே ஆபரேட்டர்தான் ராஜா. ஒரு கண் டிகிரி காட்டும் டயலில், மறு கண் கல்லில். 160லிருந்து 170 டிகிரிக்குள் கல் இருக்கும்போது தூள் விழ வேண்டும்.

“தோசைக்கல்லு காயாம மாவ ஊத்துனா என்னாகும்? அந்தக் கததேன். கொறஞ்சா கட்டி கட்டியா நிக்கும். கூடுனா கருகி பொக வரும்” என்றார்.

டயலில் முள் சரியாக நின்றபோதும் அவர் கையைத் தூக்கவில்லை. சறுக்கில் விழுந்த கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஈரமான ஜல்லி வந்தால் முள் ஏமாற்றும், மேலே சூடு உள்ளே பச்சை என்று பிற்பாடு சொன்னார். கை உயர்ந்ததும், மேடையில் நின்ற பையன் எடை போட்டு வைத்த பொட்டலத்தை உள்ளே கவிழ்த்தான். முப்பது, நாற்பது விநாடிகளில் சாம்பல் நிறக் கல் எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தது. அதன் பிறகுதான் தார். கண் எரிந்தால் பேனர் கலந்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த எரிச்சலைத் தவிர இந்த மேடையில் வேறு சோதனைக் கருவி கிடையாது. முகக்கவசமும் கிடையாது, ஒரு துண்டுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ரோடு போடுகிறவர்கள் சுவாசிக்கும் தார்ப்புகையைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்தப் புகை உண்டு.

அளவு எவ்வளவு? ஒரு டன் கலவைக்குத் தார் சுமார் 50 கிலோ. அதில் 8 சதவீதம் என்றால் 4 கிலோ பிளாஸ்டிக். 3.75 மீட்டர் அகலத்தில், 25 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கிலோமீட்டர் போட்டால் கலவை ஏறத்தாழ 215 டன் ஆகும். பிளாஸ்டிக் 860 கிலோ. கொட்டகைத் தரையில் கொட்டிய அந்த மெலிந்த பைகளை நினைத்துப் பார்த்தால் 860 கிலோ என்பது மலை. அவ்வளவையும் தொட்டுப் பிரித்தாக வேண்டும், அலசியாக வேண்டும், காய வைத்தாக வேண்டும். அவ்வளவு தாரும் மிச்சம் என்று ஒப்பந்தப் புத்தகம் சொல்லும். அந்த மிச்சம் யாருடைய உழைப்பு என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

ரோடு போடும் இடத்தில் நின்றவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்கள். கணவன் மண்வெட்டியில், மனைவி சட்டியில், பிள்ளை புளியமரத்தடித் தூளியில். முழங்கால் வரை சாக்குச் சுற்றியிருந்தார்கள். டிப்பர் வந்து கொட்டும்போது கலவை 110, 120 டிகிரி இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் 8 டன் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுகாது. மேஸ்திரி ஒரு கைப்பிடிக் கலவையை மண்வெட்டியால் புரட்டிப் பார்த்து, “சுறுக்கா, சுறுக்கா” என்று விரட்டினார். பிளாஸ்டிக் போட்ட கலவைக்கும் வெறும் கலவைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன்.

“பரப்பும்போதே தெரியுமுங்க. இது கையில கொஞ்சம் கனமா இழுக்கும். ஆறுனா சீக்கிரமே மொரண்டு பிடிக்கும்.”

பள்ளம் விழாத ரோடு என்று விளம்பரம்போலச் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக நடந்து 2008இல் வெளியான ஆய்வை நம்பலாம். 2002இல் போட்ட சென்னை ஜம்புலிங்கம் தெருவோடு, மதுரையின் வண்டியூர் ரோட்டையும் விளாச்சேரி ரோட்டையும் சேர்த்து அளந்தார்கள். மேடு பள்ளம், வழுக்கல், பாரத்தில் தாழ்வது எல்லாம் பார்த்ததில் அவை நன்றாகவே நின்றிருந்தன. 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தேசிய நெடுஞ்சாலைகளில் பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும் என்று 2015 நவம்பரில் மத்திய அரசு சொன்னது. மதுரை அந்தக் கணக்கில் வரும் ஊர்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தடையும் இருக்கிறது, ரோட்டுக்குப் பிளாஸ்டிக்கும் கேட்கிறார்கள், இது என்ன நியாயம் என்று சிலர் மடக்குவார்கள். அந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. மதுரையின் வெள்ளைக்கல் குப்பைமேட்டில் ஏற்கெனவே கிடப்பதே பல வருடத்துக்குக் காணும். ரோட்டில் போகிறதே என்று புதிதாகப் பை உற்பத்தி செய்ய அனுமதி கேட்டால்தான் அது திருட்டுக் கணக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூள் வராத நாளில் பிளான்ட் நிற்பதில்லை, வெறும் தாரிலேயே ஓடும். ரோடு போடுகிற தேதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிரித்துக் கொடுக்கிறவர்களுக்கு அன்றைக்குப் போதிய சரக்கு வந்ததா என்பதைக் கேட்க ஆளில்லை. தூளுக்கு முன்கூட்டியே ஆர்டரும், கிலோவுக்கு நிலையான விலையும் கொட்டகைக்குக் கிடைத்தால் ஒழிய இந்த ஆய்வு முழுதாக ரோட்டுக்கு வராது.

மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விழா முடிந்ததும் பேனரைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் பைகளோடு திணிக்காதீர்கள், தனியாகக் கொடுங்கள். சாம்பார் கட்டி வந்த கவரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசிப் போடுங்கள். கொட்டகையில் அதை எடுக்கிறவர்களுக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உறை போட்டால் எந்தப் பை எது என்று விரலுக்குத் தெரிவதில்லை என்பதால் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் பிரிக்கிறார்கள்.