மூன்றாம் நம்பர் சிலிண்டரை முதலில் பார்ப்பவர்

கோவையில் பழைய பீட்டில் காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போனால், "ரேடியேட்டர் எங்கேங்க?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் மெக்கானிக்குகளில் மூத்தவர்கள் அம்பாசடரிலும் பியட்டிலும் தொழில் பழகினார்கள், இளையவர்கள் மாருதியில் பழகினார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வேறு சாதி வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும். தண்ணீருக்கு அதில் வேலையே இல்லை, காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர வைக்கின்றன. 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, உலகம் முழுவதும் தயாரான பழைய பீட்டில்கள் 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தன. இந்தியாவில் அந்த வண்டி தயாரானதில்லை. இங்கே ஓடுபவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. அதனால் அதன் வேலை தெரிந்த கைகளும் இங்கே குறைவு.

நண்பர் ஒருவரிடம் 1969 மாடல் பீட்டில் இருக்கிறது, 1500 சிசி எஞ்சின். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் சூடேறி இழுவை குறைகிறது என்பது அவருடைய குறை. நம்பி விடுவதற்கு ஒரு பட்டறை தேடி அவரோடு நானும் கிளம்பினேன். சிலர் பார்த்தவுடனே கையை விரித்தார்கள், அது நேர்மை. சிலர் காரைத் தொடாமலே "எஞ்சினை இறக்கி ரீபோர் பண்ணிடலாம்" என்றார்கள். அங்கிருந்து நாங்களே கிளம்பிவிட்டோம். கடைசியில் ஒரு லேத் பட்டறைக்காரர் கை காட்டிய இடம் கணபதி பக்கம், ஒரு சந்துக்குள் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு கார் நிற்கிற அளவு இடம், சுவரில் அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள், மூலையில் ஒரு சாக்கு நிறைய திருப்பூர் பனியன் வேஸ்ட்.

அறுபதைத் தாண்டிய மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்தார். பின் மூடியைத் திறந்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. எஞ்சின் ஓரங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கிருந்த தகரமெல்லாம் எங்கேங்க சார்?" என்றார்.

முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்று நண்பர் சொன்னார். தகரத்தை எடுத்தால் காற்று நன்றாகப் படும் என்பது அவர்கள் கொடுத்த விளக்கமாம். மேஸ்திரி தலையை ஆட்டினார். "அதாங்க இந்த வண்டிக்கு ரேடியேட்டரே."

அவர் சொன்னது முழுக்க உண்மை. பீட்டிலில் டைனமோ தண்டின் மறு முனையில் ஒரு பெரிய ஃபேன் சுழல்கிறது. அது மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, தகர உறைக்குள் அடைத்து, நான்கு சிலிண்டர்களின் இதழ்களுக்கு நடுவே கீழ்நோக்கித் தள்ளுகிறது. சூடான காற்று அடிவழியாக வெளியேறுகிறது. மேலறையையும் கீழ்ப்பகுதியையும் பிரிப்பவை ஓரத் தகரங்களும் அவற்றைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையும்தான். அவை போய்விட்டால் வெளியே போன வெக்கையையே ஃபேன் மறுபடி உறிஞ்சும். ஃபேனைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் டைனமோவின் சிவப்பு விளக்கு எரியும். மற்ற கார்களில் டைனமோ மட்டும் கெட்டு அந்த விளக்கு எரிந்தால், பேட்டரி தாங்கும்வரை ஓட்டி வீடு சேரலாம். பீட்டிலில் அதே இடத்தில் நிறுத்தியாக வேண்டும். காற்று நின்றுவிட்டது என்று பொருளாக இருக்கலாம்.

அடுத்து அவர் முழங்காலிட்டு, கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். புதிய எஞ்சினில் இந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றாலும், தேய்ந்துபோன எஞ்சின் 'டொக்' என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் சத்தம் இல்லை. "அடி எஞ்சின் நல்லாருக்குதுங்க. இதை ஏன் ரீபோர் பண்ணோணும்?" என்று எழுந்தார். ஒரு பெரிய செலவை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"வண்டிய இன்னைக்கு விட்டுட்டுப் போயிருங்க சார். எஞ்சின் ஜில்லுனு ஆனாத்தான் டேப்பட்ல கை வெக்கோணும். சூட்டோட பண்றேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

மறுநாள் காலை நாங்கள் போனபோது, ஐ.டி.ஐ. முடித்த ஓர் இளைஞர் வண்டிக்கடியில் படுத்திருந்தார். வால்வு மூடியைப் பிடித்திருக்கும் கம்பியைத் திருப்புளியால் நெம்பி இறக்கினார். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஃபீலர் கேஜின் 0.15 மில்லிமீட்டர் தகடு ராக்கர் கைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே எண்ணெய் பூசிய காகிதத்தில் இழுப்பது போல லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். இளைஞர் முதல் வால்வில் திருகை நோக்கிக் கையை நீட்டியபோது மேஸ்திரி தடுத்தார். "தம்பி, இப்ப எவ்வளவு இருக்குதுன்னு மொதல்ல சொல்லு. எழுதினப்புறம் திருகு."

அந்த நோட்டுதான் அந்தப் பட்டறையின் நேர்மைக்கு எனக்குக் கிடைத்த சாட்சி. திருகிவிட்டால் எட்டு வால்வும் ஒரே அளவுக்கு வந்துவிடும், என்ன கோளாறு இருந்தது என்பது மறைந்துவிடும். திருகுவதற்கு முன்னால் இருந்த அளவுதான் எஞ்சின் நமக்குச் சொல்லும் சேதி. மூன்றாம் நம்பர் சிலிண்டரில் புகை வால்வுக்கு இடைவெளியே இல்லை, தகடு உள்ளே நுழையவில்லை.

அதுவும் ஏன் மூன்றாம் நம்பர்? 1970 வரை வந்த பீட்டில்களில் ஆயில் கூலர் ஃபேன் உறைக்கு உள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நிற்கிறது. கூலரைத் தொட்டு வந்த வெதுவெதுப்பான காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குக் கிடைக்கும். அதனால் அது மற்றவற்றைவிடச் சூடாகவே ஓடும். அங்கே இடைவெளி இல்லாமல் புகை வால்வு முழுதாக மூடாமல் நின்றால், தன் சூட்டைத் தலைப்பகுதிக்கு இறக்கிவைக்க அதற்கு வழியில்லை. தண்டு நீண்டு, ஒருநாள் வால்வின் தலை அறுந்து உள்ளே விழும். அதோடு எஞ்சினின் கதை முடிந்தது. பீட்டில் தெரிந்தவர் மூன்றாம் நம்பரை முதலில் பார்ப்பது இதனால்தான்.

அந்த வால்வை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியிருந்தது. பீட்டிலில் அது பெரிய வேலை இல்லை. கியர்பாக்ஸோடு அதைப் பிடித்திருப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். ஜாக்கியில் இறக்கி, தலையைக் கழற்றியதும் இன்னொன்றும் தெரிந்தது: அந்தப் பக்கத்து ஸ்டட் ஒன்று மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. எஞ்சின் கேஸ் மக்னீசியக் கலவை. எடை குறைவு, ஆனால் மரைக்கு வலு போதாது. கூடுதல் சூட்டில் பல வருஷம் ஓடினால் இப்படி ஆகும்.

கேஸை எடுத்துக்கொண்டு ஆவாரம்பாளையம் லேத் பட்டறைக்குப் போனோம். உள்ளும் புறமும் மரை வெட்டிய எஃகு புஷ் ஒன்றைக் கடைந்து, கேஸில் துளையைப் பெரிதாக்கி, அதை முடுக்கி, அதற்குள் ஸ்டட்டை நிறுத்த வேண்டும். துளை இம்மி சாய்ந்தாலும் தலை சரியாக உட்காராது. லேத்காரர் கேஸை மேடையில் வைத்து, நான்கு பக்கமும் டயல் கேஜ் ஓட்டி, சரி பார்த்து, மறுபடி ஓட்டினார். துளை போட்டது கொஞ்ச நேரம்தான். அதற்கு முன் அளந்ததுதான் அதிக நேரம். பம்ப்செட்டும் ஜவுளி மெஷினும் வளர்த்த கைகள் அவை. இந்த வண்டி பிழைப்பதற்குக் கோவை மாதிரியான ஊர் வேண்டும்.

வால்வு வெளிநாட்டிலிருந்து வந்து சேரக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓரத் தகரங்களை இங்கேயே அளவெடுத்து வெட்டினார்கள். கார்புரேட்டருக்குப் போகும் பழைய பெட்ரோல் ஹோஸை மேஸ்திரி கேட்காமலே மாற்றினார். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊறி வெடிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ, மக்னீசியம் பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். கழற்றிய வால்வு, ஹோஸ், பேக்கிங் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு நண்பரிடம் கொடுத்தார்.

பில்லைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் கனத்தது. பொருள்களுக்கான தொகை பெரிது, கூலி மிகச் சிறிது. கேட்டேன். "மாருதிக்குக் கிளட்ச் மாத்துனா இவ்வளவுன்னு ஒரு ரேட்டு இருக்குதுங்க. காலைல உக்காந்து அளந்து எழுதுனதுக்கு எந்த ரேட்டுங்க போடறது? கேட்டா, ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசுங்கறாங்க."

பட்டறைகள் ஏமாற்றுகின்றன என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். புதுப் பொருளுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிற நாம், அது தேவையில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பொருளை மாற்றினால்தான் வருமானம் என்று ஆக்கிவிட்டால், மாற்ற வேண்டாததையும் மாற்றத்தான் செய்வார்கள். அந்த இளைஞரும் நோட்டை மூடிவைத்துவிட்டு, ரேட்டு இருக்கிற வேலைக்குப் போய்விடுவார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தொடாமலே விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அளந்து எழுதுகிறாரா, கழற்றியதைத் திருப்பித் தருகிறாரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால், அவர் எதையும் மாற்றாத நாளிலும், பார்த்துச் சொன்னதற்கான கூலியைக் கேட்காமலே கொடுத்துவிட்டு வாருங்கள்.