பெரியவர் வரைந்த வழி

பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதில்லை. திட்டமிட அமரும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. எங்கள் குருத்துவ வெள்ளிவிழாவை ஒட்டி மெக்சிகோ நாட்டின் வெந்நீர்க் குகைகளைக் கண்டுவர நாங்கள் இருவர் சில திங்களாகத் திட்டமிட்டு வருகிறோம். விமானச் சீட்டை இன்னும் வாங்கவில்லை. ஆயினும் அப்பயணம் எங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில் ஒரு பகுதியை இப்போதே கற்பித்துவிட்டது.

நாங்கள் இருவரும் குருமடத்தில் ஒரே வகுப்பினர். இன்று எங்களில் ஒருவர் தமிழகத்துப் பங்கு ஒன்றில் இருக்கிறார். மற்றவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஸ்பானிய மொழி பேசும் மக்களிடையே பணிபுரிகிறார். அம்மாநிலத்தில், குறிப்பாகக் கிளியர்வாட்டர் நகரை ஒட்டி, மெக்சிகோவின் இதால்கோ மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அவர்கள் வாயிலாகத்தான் தொலாந்தோங்கோ என்ற பெயர் எங்கள் காதில் விழுந்தது.

மெக்சிகோ நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், கார்தொனால் வட்டாரத்தின் வறண்ட மலைகளிடையே ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கு உள்ளது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகள் வழியே ஆழத்திற்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, அங்கே மீண்டும் வெளிப்படுகிறது. குகையின் கூரையிலிருந்தும் சுவர்களிலிருந்தும் வெதுவெதுப்பான நீர் இருளில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதன் வெப்பம் ஏறக்குறைய மனித உடலின் வெப்பமே. வெளியே வரும் நீர், தன்னில் கரைந்துள்ள தாதுக்களால் வெளிர்நீலம் பூண்டு ஆறாக ஓடுகிறது. மலைச்சரிவில் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி, ஊற்றுநீரை அவற்றில் தேக்கியுள்ளனர்.

மூட்டுவலியால் படியேறத் தயங்கும் வயதில் இச்செய்தி எங்களை எவ்வாறு ஈர்த்திருக்கும் என்று வாசகர்கள் அறிவார்கள்!

ஞாயிறு இரவுகளில் தொலைபேசி வழியே திட்டம் வளர்ந்தது. மழைக்காலத்தில் ஆறு செம்மண் கலந்து ஓடும். ஆதலின் வறண்ட பருவமே ஏற்றது. புனித வாரத்தில் மெக்சிகோ முழுவதும் விடுமுறையாதலால் அங்கே கூட்டம் நெருக்கியடிக்கும். அந்த வாரத்தில் எங்களுக்கும் வேலை உண்டு! சனவரி இறுதியில், வார நடுவில் இரண்டு நாள்கள் என முடிவாயிற்று. மெக்சிகோ நகரின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து இஸ்மிகில்பான் என்ற ஊருக்குச் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து சிற்றுந்தில் வளைந்து வளைந்து பள்ளத்தாக்கிற்குள் இறங்க வேண்டும். கடன் அட்டை அங்கே செல்லாது. பணத்தைக் கையில் கொண்டு போக வேண்டும். அறைகள் வந்த வரிசைப்படியே தரப்படும். நுழைவுச் சீட்டும் 24 மணி நேரத்திற்கானதன்று. அந்தத் தேதிக்கு மட்டுமே உரியது. மாலையில் போய்ச் சேர்ந்தவரும் ஒரு நாளுக்கான கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். எங்கு சென்றாலும் முன்வரிசை நாற்காலி காத்திருக்கும் வாழ்வுக்குப் பழகிய எங்களுக்கு, வரிசையில் நிற்கப்போகும் நினைவே நல்ல பயிற்சியாக அமைந்தது.

இவ்விதிகளை வகுத்தது யார் என வினவியபோது எங்கள் மதிப்பு இன்னும் உயர்ந்தது. குகைகள் தனி முதலாளி ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. சான் கிறிஸ்தோபல் என்ற சிற்றூரின் மக்கள் அவற்றைக் கூட்டுறவாக நடத்தி வருகின்றனர். மெக்சிகோ புரட்சிக்குப் பின், 1917-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, பெருநிலக்கிழார்களின் நிலங்கள் பிரிக்கப்பட்டு ஊர்ச் சமூகங்களுக்குப் பொதுநிலமாக வழங்கப்பட்டன. அத்தகைய பொதுநிலத்தை 1992-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி தனியுடைமையாக மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. எனினும் இவ்வூரார் தங்கள் ஊற்றைக் கைவிடவில்லை.

இதன் அருமையை உணர அம்மண்ணின் தண்ணீர்க் கதையையும் அறிந்திருக்க வேண்டும். கார்தொனாலும் இஸ்மிகில்பானும் அடங்கிய மெஸ்கித்தால் நாடு, ஓத்தோமி பழங்குடியினரின் தாயகம்; மழை குறைந்த, கள்ளியும் கற்றாழையும் வளரும் பூமி. மெக்சிகோ நகரின் கழிவுநீரை வெளியேற்ற 1900-இல் பெருங்கால்வாய் ஒன்று திறக்கப்பட்டது. அந்நீர் வந்து சேர்ந்தது மெஸ்கித்தாலுக்கே. இன்று அதில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்படுகிறது. எனினும் தலைநகர் வேண்டாமென்று ஒதுக்கிய நீரைக் கொண்டு மக்காச்சோளமும் குதிரைமசாலும் விளைவித்து அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துள்ளனர். பிறர் கழித்த நீரில் பயிர் செய்த நாட்டின் ஒரு மூலையில், பாறை தன் நெஞ்சிலிருந்து தெளிந்த வெந்நீரைப் பொழிகிறது. அதைத் தமக்குள் பங்கிட்டு, வருவோருக்கும் வழங்குகின்றனர். வறியவரின் விருந்தோம்பலைப் பற்றி நாங்கள் ஆற்றிய மறையுரைகள் பல. அவ்விருந்தோம்பலுக்குக் கட்டணம் செலுத்தி வரிசையில் நிற்கப்போவது இதுவே முதல் முறை.

இவ்வளவும் மகிழ்ச்சியாகவே சென்றது, அந்தப் பெரியவரைச் சந்திக்கும் வரை.

ஃபுளோரிடாவில் ஒரு ஞாயிற்றுத் திருப்பலிக்குப் பின் எங்கள் திட்டத்தைக் கேள்வியுற்ற அவர் முகம் மலர்ந்தார். கார்தொனாலுக்கு அருகில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது தந்தையின் பின்னால் ஆட்டுப்பாதையில் இறங்கிக் குகைக்குச் சென்றதை விவரித்தார். விடியற்காலையில் செல்லும்படியும், அப்போதுதான் ஆற்றின்மேல் ஆவி எழும்பும் என்றும் அறிவுரை கூறினார். பின்னர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

அவர் 1998-இல் எல்லையைக் கடந்து வந்தவர். உரிய ஆவணங்கள் இல்லை. முன்னெல்லாம் அவ்வூரார் பருவத்திற்கு வந்து வேலை செய்து, திருவிழாவிற்கு ஊர் திரும்புவதுண்டாம். 1990-களில் எல்லைக் காவல் இறுகியது. ஆவணமின்றி ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியேறினால், பத்து ஆண்டுகள் மீண்டும் நுழையத் தடை என 1996-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. போனால் பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் இழக்க வேண்டும். இருந்தால் ஊரை இழக்க வேண்டும். அவர் இருந்துவிட்டார். தாய் இறந்த செய்தி வந்தபோதும் அவரால் செல்ல இயலவில்லை.

அன்றிரவு எங்கள் பேச்சில் பேருந்து நேரங்கள் இடம்பெறவில்லை. உலகின் மறுகோடியில் பிறந்த எங்களுக்குக் கடவுச்சீட்டில் செல்லத்தக்க அமெரிக்க விசா இருப்பதால், மெக்சிகோவிற்குத் தனி விசாகூடத் தேவையில்லை. அந்நீரில் குளித்து வளர்ந்தவருக்கோ வழி அடைபட்டிருக்கிறது. இது எங்கள் குற்றமன்று. எனினும் எங்கள் மகிழ்ச்சியின் மேல் அது ஒரு நிழலாகப் படிந்தது. பயணத்தையே விட்டுவிடலாமா என்றுகூட எங்களில் ஒருவர் கேட்டார். நாங்கள் போகாதிருப்பதால் அவர் போய்விடப்போவதில்லை என்று மற்றவர் கூறினார். இரண்டும் உண்மையே.

முடிவில் திட்டத்தில் ஒரு மாற்றம் செய்தோம். தெயோத்திவாக்கான் நகரின் பழம்பெரும் பிரமிடுகளுக்கென ஒரு நாள் ஒதுக்கியிருந்தோம். அதை நீக்கிவிட்டு, பெரியவரின் ஊருக்குச் சென்று அவருடைய தாயின் கல்லறையில் செபிப்பது என முடிவு செய்தோம். அவர் அதைக் கேட்கவில்லை. நாங்கள் சொன்னபோதும் உடனே மறுமொழி தரவில்லை. எங்கள் சொல் அவரைப் புண்படுத்தியதோ என அஞ்சினோம்.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்தார். கடை ரசீதின் பின்புறத்தில் பென்சிலால் வரைந்த வரைபடம் அது. சிற்றாலயம், கிணறு, ஒரு மெஸ்கித் மரம், அதைத் தாண்டி இடப்புறம் ஒரு சிலுவைக்குறி. தாய் இறந்தபோது ஊரில் இல்லாதவர் கல்லறையை எவ்வாறு அறிவார்? தந்தையின் அருகில்தான் வைத்திருப்பார்கள் என்றார். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தார்: குகைக்குள் நிற்கும்போது சற்று நேரம் பேசாமலிருந்து, நீர் விழும் ஓசையைக் கேட்டுவந்து தமக்குச் சொல்ல வேண்டுமாம்.

அத்தாள் இப்போது எங்கள் பயணக் கோப்பில், பேருந்து அட்டவணைக்கு மேல் இருக்கிறது. கிணறு தூர்ந்திருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம். அவ்வரைபடத்தில் இருப்பது 1998-இன் ஊர். ஆயினும் எங்களிடமுள்ள வழிகாட்டிகளில் அதையே நாங்கள் மிகுதியாக நம்புகிறோம்.

நாம் கால்வைக்கும் ஒவ்வோர் இடத்திலும், அங்கே வர இயலாத ஒருவருடைய பாதையில்தான் நடக்கிறோம் போலும். அதற்காக நடக்காதிருக்க வேண்டியதில்லை. அவர் பெயரை அறிந்து நடந்தால் போதும். திரும்பி வந்து, கேட்ட ஓசையை அவரிடம் சொன்னால் போதும்.