வாடகை வீடும் வெள்ளைத் தாளும்

போன மாதம் வீடு மாறினோம். பொம்மனஹள்ளிக்குள்ளேயேதான், ரெண்டு தெரு தள்ளி. அட்வான்ஸை எண்ணி வாங்கின கையோடு புது ஓனர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். வாடகைக்கு வருகிறவரைப் பற்றி போலீஸுக்குக் கொடுக்கிற விவரம். பெயர், ஃபோட்டோ, ஆதார், வேலை, சொந்த ஊர். "தப்பா நினைக்க வேண்டாம் சார், எல்லார் கிட்டேயும் கேக்கிறதுதான்" என்றார்.

தங்கமணிக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்தாச்சு, இன்னும் சொந்த ஊர் எதுன்னு கேக்கிறாங்களே!"

எனக்கு ஃபாரத்தின் மேல் கோபம் இல்லை. வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நியாயம்தான். ஆனால் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் விருதுநகர் என்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றது. 2008 ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில்கூட முழுசாகச் சொல்லாத கதை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

2008 ஜூலை 25, வெள்ளிக்கிழமை. அப்போது நான் பேச்சிலர். மேம்பாலத்துக்காக ஓசூர் ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த காலம். எலக்ட்ரானிக் சிட்டியில் வழக்கம்போல ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது: மடிவாளா, ஆடுகோடி என்று வரிசையாக குண்டு. சக்தி குறைந்த குண்டுகள் என்றார்கள். ஆனாலும் மடிவாளாவில் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் இறந்துபோனார். ஊருக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் நானும் பையோடு நிற்கிற மடிவாளா. போன் லைன் கிடைக்கவில்லை. அம்மாவிடம் பேசுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் அகமதாபாத்தில் குண்டு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த வார இறுதியில் பெங்களூரில் பயப்படாதவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நான் இருந்த கட்டிடத்தில் கீழ் ரூமில் ஆம்பூர்ப் பையன் ஒருவன் இருந்தான். மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. இருபது இருபத்தொன்று வயசிருக்கும். "அண்ணா, சார்ஜர் போச்சுன்னா தூக்கிப் போடாதீங்க, என்கிட்ட கொடுங்க" என்பான். ரூம் முழுக்க பழைய பேட்டரி, ஒயர், போர்டு. ஞாயிறு ராத்திரி மஃப்டியில் ரெண்டு பேர் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். கூடவே அந்த அட்டைப்பெட்டியையும்.

திங்கள் காலை அவனுடைய மாமா ஊரிலிருந்து வந்து என் கதவைத் தட்டினார். "சார், நீங்க கம்பெனியில வேலை பாக்கிறவரு, கழுத்துல கார்டு மாட்டியிருக்கீங்க. ஸ்டேஷனுக்குக் கூட வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"இன்னைக்கு ரிலீஸ் இருக்கு பாய். நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

அன்றைக்கு எந்த ரிலீஸும் இல்லை.

பயம் ஒரு காரணம். தமிழ் பேசுகிற இன்னொருவன் தானாகப் போய் ஏன் நிற்கவேண்டும் என்ற பயம். அது மட்டும் என்றால் இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது. உள்ளுக்குள்ளே இன்னொரு குரல், "சும்மாவா கூட்டிட்டுப் போவாங்க?" என்றது. அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இதுதான் விஷயம்.

செவ்வாய் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். கைது செய்ததாக எங்கும் பதிவில்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 'விசாரிச்சோம், அனுப்பிட்டோம்', அவ்வளவுதான். ரூமைக் காலி பண்ணும்போது படிக்கட்டில் பார்த்தேன். அடிச்சாங்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "எழுதியிருந்த பேப்பர்லயும் கையெழுத்து கேட்டாங்க, வெள்ளைப் பேப்பர்லயும் கேட்டாங்க. எல்லாத்துலயும் போட்டுட்டேன் அண்ணா. வீட்டுக்கு விட்டா போதும்னு இருந்துச்சு" என்றான்.

அந்த வெள்ளைத் தாளைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கட்டிட ஓனர் கன்னடக்காரர், வயதானவர், உடைந்த தமிழில் நன்றாகப் பேசுவார். பையன் போன பிறகு அவர் 1991 கதையைச் சொன்னார். இங்கிருந்து பன்னேர்கட்டா ரோட்டைத் தாண்டிப் போனால் கோணனகுண்டே. பத்து கிலோமீட்டர் இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் மே 21 அன்று ராஜீவ் காந்தியையும், பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள் உட்படப் பலரையும் கொன்ற குண்டுக்குப் பின்னால் இருந்த சிவராசன் கடைசியாக ஒளிந்திருந்தது அங்கே ஒரு வாடகை வீட்டில். ஆகஸ்ட் 20 காலை கமாண்டோக்கள் உள்ளே போனபோது சிவராசன், சுபா உட்பட ஏழு பேரும் பிணம். "அந்த வருஷம் தமிழ் ஆளுக்கு வீடு கொடுக்க எல்லாரும் பயந்தாங்க சார். வாடகைக்கு விட்டவனையே தூக்கிட்டுப் போயிட்டாங்களே" என்றார் ஓனர்.

அப்புறம் நடந்தது நம்மில் பலருக்குத் தெரியும், ஆனால் துண்டு துண்டாக. வழக்கில் 41 பேர். அதில் 12 பேர் செத்துவிட்டார்கள், 3 பேர் தலைமறைவு. மிச்சம் 26 பேர் கூண்டில். தடா கோர்ட் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர் பாக்கியில்லை! கோணனகுண்டேயில் இடம் கொடுத்தவரும் அதில் ஒருவர். 1999 மே 11 அன்று சுப்ரீம் கோர்ட் அதில் 19 பேருக்குக் கொலைச் சதியில் பங்கில்லை என்று விட்டுவிட்டது. சின்னக் குற்றங்களுக்கான தண்டனையை அவர்கள் ஏற்கனவே அனுபவித்து முடித்திருந்தார்கள். பதினைந்து மாதம் தூக்குக் கைதியாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை.

இதில் ஒப்புதல் வாக்குமூலம் எங்கே வருகிறது? போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு சொன்னது. எழுதியது வெள்ளைக்காரன். அவனுக்கே தன் போலீஸ் மேல் அவ்வளவு நம்பிக்கை! தடா சட்டத்தின் 15வது பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது: எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி எழுதி வாங்கினால் செல்லும். 1999ல் சுப்ரீம் கோர்ட், இது தடாவில் வருகிற பயங்கரவாதச் செயலே இல்லை என்றது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. வீடு இடிந்துவிட்டது, வாசற்படி மட்டும் நிற்கிறது என்பது மாதிரி.

பேரறிவாளனுக்கு அப்போது 19 வயசு. பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013ல் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் கழித்து! தூக்கு 2014ல் ஆயுள் தண்டனை ஆனது. 2022 மே 18 அன்று சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. நிரபராதி என்று சொல்லி அல்ல. தமிழக அமைச்சரவையின் பரிந்துரையில் முடிவெடுக்காமல் கவர்னர் இழுத்தடித்ததை வைத்து. முப்பத்தோரு வருஷம். எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் எடை எவ்வளவு என்று இனி யாராலும் சொல்லமுடியாது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே கேட்பார்கள்: "உன் வீட்டில் ஒருத்தர் குண்டில் செத்திருந்தால் இப்படிப் பேசுவாயா?" நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூரில் பந்தோபஸ்துக்குப் போய்த் திரும்பாத போலீஸ்காரருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். மனித உரிமை பேசுகிறவர்கள் பலர் இவர்களைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. என் பெண் தினமும் மெட்ரோவில் போகிறாள். அவள் பையை ஸ்கேனரில் போடச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஸ்கேனர் எல்லாருக்கும் ஒன்று. வெள்ளைத் தாள் அப்படியில்லை, கழுத்தில் கார்டு இல்லாதவனுக்குத்தான் அது நீட்டப்படும். இன்னொன்று, அவனைக் கையெழுத்துப் போட வைத்த ரெண்டு ராத்திரியும் உண்மையான ஆள் வெளியே சுற்றிக்கொண்டிருப்பான். 2024 மார்ச் 1 அன்று இதே ஊரில் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. சி.சி.டி.வி. படங்களை ஒவ்வொன்றாகத் தேடி, தடம் பிடித்துப் போய் ஆறு வாரத்தில் மேற்கு வங்கத்தில் ரெண்டு பேரைப் பிடித்தார்கள். குற்றவாளிகளா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். போலீஸ் வேலை என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது.

தடா 1995ல் காலாவதியானது, பொடா 2004ல் போனது. இன்றைய உபா சட்டத்தில் போலீஸ் வாக்குமூலம் செல்லாது. ஆனால் 2008 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு அதில் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. 1872ன் அந்தப் பழைய விதி 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தப்பித்திருக்கிறது. நாம் குடியிருக்கும் கர்நாடகத்திலோ 'கோகா' என்ற 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் வழக்குப் போட்டால் எஸ்.பி. எழுதிய வாக்குமூலம் செல்லும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஆம்பூர்ப் பையனைச் சாதாரணச் சட்டம் காப்பாற்றியது. அவன் கையெழுத்துக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை என்று கூட்டிப்போனவர்களுக்கும் தெரியும். மதிப்பிருந்திருந்தால், ஒரு பெட்டி பேட்டரியோடு அவன் கதை எங்கே போயிருக்குமோ!

ஊரைவிட்டு வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1996ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: கைது செய்தால் தேதி, நேரத்தோடு மெமோ எழுதி, குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

'அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவர்.' அன்றைக்கு அது நான்தான். ஆம்பூர் பாய் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறார்.

ஃபாரத்தை முழுசாக நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கீழ் வீட்டில் தர்மபுரிப் பையன்கள் நாலு பேர், கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை. போன ஞாயிறு என் நம்பரை அவர்களிடம் எழுதிக் கொடுத்து, "எந்நேரமானாலும் கூப்பிடுங்கப்பா" என்றேன். எதற்கு என்று புரியாமல் சிரித்தார்கள்.

புரியாமலே இருக்கட்டும்.