மேட்டுநிலத்து மல்லாட்டை

வேர்க்கடலையை எங்கள் ஊர்ப்பக்கத்தில் மல்லாட்டை என்போம். மண்டிக்காரர்கள் மணிலா என்பார்கள். தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டு நகரொன்றின் பெயரைச் சுமந்தபடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டாரங்களின் வானம் பார்த்த நிலங்களில் சொந்தப் பிள்ளையைப்போல் வளர்ந்து வருகின்றது. ஆடியில் விதைத்து ஐப்பசியில் பிடுங்குவது எங்கள் குடும்ப வழக்கம். வேலூரில் பணி செய்யும் நான், ஐப்பசி பிறந்ததும் விடுப்புப் பெற்று ஊருக்குச் சென்றுவிடுவேன்.

இப்பயிரின் பூ மண்ணுக்கு மேலே மலர்கின்றது. காயோ மண்ணுக்குள்ளே விளைகின்றது. மஞ்சள் பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசிபோன்ற காம்பு ஒன்று கீழே இறங்கி, மண்ணைத் துளைத்து, நுனியில் காய் பிடிக்கும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளுமாம். அதனால்தான் 40, 45-ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். காலமான என் தந்தையார் இதனைக் கேட்டறிந்த நாள்முதல் மண் அணைக்கும் வேலையைப் பிறரிடம் முழுமையாக விட்டதில்லை.

விதைத்து 105 நாள் அளவில் செடி முற்றுகின்றது. இலை பழுத்து உதிரத் தொடங்கும்போது ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்ப்போம். ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் அறுவடைக்குத் தயார் என்று பொருள். அதன்பின் வருவதே சோதனை. மண் காய்ந்து இறுகியிருந்தால் செடி கையோடு வரும். காய் மண்ணிலேயே தங்கிவிடும். மழை மிகுந்தாலோ முற்றிய காய் நிலத்திலேயே முளைத்துவிடும். ஏனெனில் எங்கள் கொத்து இரகத்து விதைக்கு உறக்கக் காலம் இல்லை. மழை வேண்டுமென்றும் வேண்டாமென்றும் ஒரே வாரத்தில் மன்றாடுவது மல்லாட்டைக்காரர்களின் தலைவிதி!

முன்பு எங்களுக்கு இருவகை நிலம் இருந்தது. பாலாற்றை ஒட்டிய கிணற்றுப் பாசன நிலத்தில் நெல்லும் தென்னையும். மலையடிவாரத்து மேட்டில் மல்லாட்டை. தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் ஆற்றிலும் நிலத்தடியிலும் கலந்ததனால், கிணற்று நீர் உவர்த்து, நெல் போயிற்று; தென்னையும் ஒவ்வொன்றாகப் பட்டது. இத்துயர் எங்களுடையது மட்டுமன்று. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. இத்தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனது என்ற மதிப்பீடு அத்தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. மழையை மட்டுமே நம்பிய மேட்டுநிலம் தப்பிப் பிழைத்தது. ஏழையென்று எண்ணப்பட்ட பிள்ளை இறுதியில் பெற்றோரைக் காப்பதுபோல, அதுவே எங்களுக்கு எஞ்சியது.

ஆனால் பிடுங்கக் கைகள் வேண்டுமே! எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். விடியும்முன் வேன் வந்துவிடும், திரும்ப இருட்டிவிடும். அவர்களைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? ஆற்றைக் கெடுத்த அதே தோல்தான் அவர்கள் வீட்டு அடுப்பை எரிக்கின்றது. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றது. என் அண்ணன் மக்கள் படித்ததும் அவர் தொழிற்சாலையில் வாங்கிய சம்பளத்தால்தான். ஆகவே, “விதை, உழவு, கூலி எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சுகிறது? நிலத்தை மனை போட விற்றுவிடலாம்” என்று அவர் சொன்னபோது, அதில் நியாயம் இல்லையென்று என்னால் கூற இயலவில்லை. அம்மா மட்டும், “இந்த வெள்ளாமை வீடு வரட்டும், பிறகு பேசுவோம்” என்றார்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு வியாழன்று தூறல் விழுந்து மண் இளகியது. அடுத்துப் பெருமழை வருமென்று வானொலி அறிவித்தது. வேனுக்கு விடுமுறை ஞாயிறு ஒன்றே. ஞாயிறன்று நிலத்தில் இறங்குவதா என்று அம்மா தயங்கினார்கள். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிடாதவர் யார் என்னும் பொருள்பட ஆண்டவர் கேட்டதைப் பங்குத்தந்தை நினைவூட்டி, முதற் பூசையை முடித்துக்கொண்டு செல்லுமாறு சொன்னார்.

பூசை முடிந்து, அம்மா தெருவில் வீடு வீடாகச் சென்று அழைத்தார்கள். எங்கள் பங்குப் பெண்களும் பிற சமயத்து அண்டை வீட்டாருமாகப் 18 பேர் வந்தனர். பொழுது சாய்வதற்குள் ஒன்றரை ஏக்கரும் பிடுங்கியாயிற்று. கொடிகளை வண்டியிலேற்றி வீட்டுத் தாழ்வாரத்தில் சேர்த்தோம். திங்கள் முதல் மாலைதோறும் வேலையிலிருந்து திரும்பிய பெண்கள் திண்ணையில் அமர்ந்து காய் ஆய்ந்தனர். செவ்வாய் இரவு பெருமழை கொட்டிற்று.

வார இறுதியில் அண்ணன் பணம் எண்ணிக் கொடுக்க முற்பட்டார். அவர்களுள் மூத்தவர், “காசை மாசாமாசம் பார்க்கிறோம் தம்பி. அப்பா காலத்து வழக்கப்படி காயாகக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்து நாளாயிற்று” என்றார். பத்து மரக்காலுக்கு ஒரு மரக்கால் என்ற பழைய கணக்கிலேயே அளந்தோம். மழை விட்டபின் சிறுவர்கள் நிலத்தில் இறங்கி, மண்ணில் தங்கிய காய்களைத் தோண்டிப் பொறுக்கிச் சென்றனர். அதை எங்கள் வீட்டில் யாரும் என்றும் தடுத்ததில்லை.

காய்ந்த மல்லாட்டை 22 மூட்டை தேறியது. செலவு போக மிகுந்தது சொற்பமே. ஆயினும் அண்ணன் விதைக்கென்று இரண்டு மூட்டையைத் தனியே கட்டி வைக்கச் சொன்னார். மனை விற்பனைப் பேச்சு அடுத்த ஆடி வரையில் தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு என்னாகும் என்பது எங்களுக்குத் தெரியாது.

நிலமுள்ள குடும்பத்தாரே, அறுவடை நாளில் நகரத்திலுள்ள பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வரவழையுங்கள். அவர்களும் ஒரு செடியைத் தம் கையால் பிடுங்கிப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டாருக்குரிய மரக்காலை அவர்களே அளந்து கொடுக்கட்டும்.